சேர்ந்துட்டுன்னு காட்டுது

செப்டம்பர் 2, திங்கள்

எனக்குப் பேரப்பிள்ளைகள் மூன்று பேர். மூத்தவள் சுபிதா நர்சிங் படித்து, இப்போது புனேயில் நர்சிங் படிக்கிற பிள்ளைகளுக்கே பாடம் எடுக்கிறாள். கறுப்புத் தொப்பி வைத்துப் பட்டம் வாங்கின படம் சுவரில் இருக்கிறது. கடைக்குட்டி மதுமிதா ஈட்டி எறிவாள். மகாராஷ்டிராவில் பள்ளிக்கூடப் பிள்ளைகளிலேயே அவள்தான் இரண்டாவது. கழுத்தில் பதக்கத்தோடு அந்தப் படமும் இருக்கிறது. நடுவில் உள்ளவன் சித்திரைவேல். சித்திரையில் பிறந்தவன், அதனால் அந்தப் பெயர். கம்பெனியில் சித்து என்று கூப்பிடுகிறார்களாம். எம்.பி.ஏ.வில் முதல் வகுப்பு. இருபத்தொன்பது வயதில் சென்னையில் பெரிய பார்சல் கம்பெனியில் அதிகாரி. தென்மாவட்டம் அத்தனைக்கும் சாமான் போய்ச் சேர்கிறதா என்று பார்க்கிற வேலை. கோட்டு போட்ட படம் நடுவில் மாட்டியிருக்கிறது. ஒவ்வொரு ஜெயத்துக்கும் ஒரு படம் தபாலில் வந்தாக வேண்டும். அது இந்த வீட்டுச் சட்டம்.

மூவரும் மும்பையில் கடை வைத்திருக்கும் என் மகன் தங்கமணியின் பிள்ளைகள். ஆனால் சித்துவை வளர்த்தது என் மகள் பிரம்மசக்தி. நாங்கள் சத்தி என்போம். கட்டிக்கொடுத்த இரண்டாம் வருஷமே அவள் தனியாகத் திரும்பி வந்துவிட்டாள். அஞ்சு வயதுப் பிள்ளையை அவள் மடியில் போட்டுவிட்டு மும்பைக்கு ரயில் ஏறினான் என் மகன். சித்துவைச் சைக்கிளில் வைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோனவள், காய்ச்சலுக்குக் கண் விழித்தவள் எல்லாம் அவள்தான்.

இந்த டைரி சித்து கம்பெனி டைரி. ஜனவரியில் கொடுத்தது. வழவழப்பாக இருக்கிறதே என்று பீரோவில் வைத்திருந்தேன். இன்று சத்திதான் எடுத்துக் கொடுத்தாள். “எம்மா, நாள் பூரா எங்கிட்டப் பேசுததை இதுல எழுது. என் காதுக்குக் கொஞ்சம் ரெஸ்ட் கிடைக்கும்.”

செப்டம்பர் 5, வியாழன்

பக்கத்து வீட்டுத் தையல்காரி செல்லக்கனி வந்து, சித்துவுக்கு என்ன வேலை என்று மறுபடி கேட்டாள். கேட்டதே கேட்கிறவள். “சப்ளை செயின்” என்றேன்.

“செயினா? அடகுக்கடையா மதினி?”

“ஏட்டி, தங்கச் சங்கிலி இல்ல. ஒரு கை அடுத்த கையில குடுக்கும், அது அடுத்த கையில குடுக்கும். கடைசியில நம்ம கையில வந்து சேரும். அந்தச் சங்கிலி.”

“அப்போ நம்ம ஊருக்கு வரும்போது மட்டும் எந்தக் கை விட்டுருது? போன வாரம் வரவேண்டிய பொத்தான் பார்சல இன்னும் காணல.”

கட்டிலில் படுத்திருந்த சத்தி சிரித்தாள். சிரித்தால் அவளுக்கு மூச்சு வாங்குகிறது. செல்லக்கனியை நான் சீக்கிரம் அனுப்பிவிட்டேன்.

சத்திக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. முதலில் திருநெல்வேலியில் மிஷினில் வைத்து ரத்தத்தைச் சுத்தம் செய்தார்கள். ரத்தம் எடுக்கக் கையில் போட்ட வழி மூன்று முறையும் அடைத்துக்கொண்டது. இதயமும் தாங்காது என்று டாக்டர் வயிற்று வழிக்கு மாற்றினார். வயிற்றில் ஒரு குழாய். ஆணியில் தொங்கும் மருந்துத் தண்ணீர்ப் பையிலிருந்து உள்ளே இறங்கும். சில மணி நேரம் இருந்து, உடம்பின் அழுக்கை வாங்கிக்கொண்டு வெளியே வரும். நாளுக்கு நாலு பை. கையைச் சோப்பு போட்டுக் கழுவி, வாயைத் துணியால் மூடிக்கொண்டு நான்தான் மாட்டிவிடுகிறேன்.

மாதத்துக்கு ஒரு தடவை பைகள் பெட்டி பெட்டியாக வரும். மருந்துக் கடையில் கிடைக்காது. அவற்றைக் கொண்டுவருவது சித்து கம்பெனி வண்டிதான். இந்தக் கம்பெனி வழியாக வரட்டும் என்று அவன்தான் ஏற்பாடு செய்தான். “என் அத்தைக்கு வாரது என் கண்ணுக்குத் தெரிஞ்சு வரட்டும்” என்றான்.

செப்டம்பர் 9, திங்கள்

சத்திக்கு ரசம் பிடிக்கவில்லை. உப்பு போடக்கூடாது. உப்பில்லாத ரசம் எனக்கே பிடிக்கவில்லை.

செப்டம்பர் 14, சனி

சித்து வந்திருக்கிறான். வந்ததும் அத்தை காலடியில் உட்கார்ந்து, காலை அமுக்கிப் பார்த்தான். விரல் பதிந்த இடம் குழியாக நின்றது. அவன் முகம் போன போக்கு எனக்குப் பிடிக்கவில்லை. பேச்சை மாற்ற வேலையைப் பற்றிக் கேட்டேன்.

நம்ம ஊரில் பேசத்தான் டவர் இருக்கிறது, நெட்டு வராது. அதனால் போனில் படமாகவே எடுத்து வைத்திருந்தான். தென்மாவட்டப் படம். ஊருக்கு ஊர் புள்ளி. பச்சை என்றால் நல்ல ஊர், மஞ்சள் என்றால் சுமார், சிவப்பு என்றால் மேலே இருந்து திட்டு வரும். சாயங்காலம் ஆறு மணிக்குள் எத்தனை பார்சல் போய்ச் சேர்ந்தது என்று மார்க்கு போடுவார்களாம்.

“நம்ம தேரிவிளை எது?” என்றேன்.

மஞ்சள். அவனுக்கே வெட்கம். “கூட்டத்துல எல்லாரும் சிரிக்கானுவ ஆச்சி. ஊரையெல்லாம் திருத்துதவன் சொந்த ஊரே மஞ்சள்ல கெடக்குன்னு.”

சத்தி படுத்தபடியே கேட்டாள். “எல, பெட்டி கையில வந்துச்சா வரலையான்னு சென்னையில இருக்க உனக்கு எப்படித் தெரியும்?”

“பார்சல் கிளம்புத அன்னைக்கு உங்க போனுக்கு ஒரு நம்பர் வருதுல்லா அத்த? பெட்டியக் கையில வாங்கிட்டு நீங்க அந்த நம்பரச் சொன்னாத்தான் டிரைவர் அதை அடிக்க முடியும். அடிச்சாத்தான் சேர்ந்துட்டுன்னு காட்டும். ஆளு பொய் சொல்லலாம். நம்பர் பொய் சொல்லாது.”

பள்ளிக்கூடத்தில் இவன் கணக்கில் எண்பத்திரண்டு வாங்கினதற்கு சத்தி ஒரு வேளை சாப்பிடவில்லை. இன்று இந்த மஞ்சள் புள்ளிக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

செப்டம்பர் 16, திங்கள்

சித்து நேற்றே போய்விட்டான். செல்லக்கனியின் பொத்தான் பார்சலோடு டிரைவர் அந்தோணி இன்று வந்தார். அம்பது வயது இருக்கும். நல்ல மனுஷன். கல்யாணத்துக்கு இரண்டு பெண் பிள்ளைகள் வைத்திருக்கிறார். மோர் கொடுத்துவிட்டுக் கேட்டேன்: ஏன் தம்பி நம்ம ஊருக்கு மார்க்கு குறைகிறது?

“எக்கா, நான் அஞ்சு அஞ்சரைக்கே கொண்டாந்து குடுத்துருதேன். ஆனா நம்பர் அடிக்க நெட்டு வேணும். இந்தச் செம்மணல் தேரியில நெட்டு எங்க இருக்கு? சாத்தான்குளம் போயி அடிக்கதுக்குள்ள ஏழு ஆயிருது. லேட்டுன்னு காட்டுது. எனக்கும் திட்டு, மேல உள்ளவனுக்கும் திட்டு.”

மேல் உள்ளவன் என் பேரன் என்பது அவருக்குத் தெரியும். இருந்தாலும் அப்படித்தான் சொன்னார்.

எனக்கு உடனே தோன்றியது. நம்பர் காலையிலேயே எங்கள் போனுக்கு வந்துவிடுகிறது. அவர் டவர் இருக்கிற இடத்தில் இருக்கும்போதே போனில் கேட்டு வாங்கிக்கொண்டால் என்ன? சாமான் எப்படியும் சாயங்காலம் வரத்தானே போகிறது.

“அது சட்டப்படி கூடாதுக்கா.”

“நீரு ஏமாத்துத ஆளா? இல்ல நாங்கதான் ஏமாத்துத ஆளா?”

அவர் மோரைக் குடித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

செப்டம்பர் 18, புதன்

மேலத்தெரு, கீழத்தெரு இரண்டுக்கும் போய்வந்தேன். அந்தோணி போன் பண்ணினால் நம்பரைச் சொல்லிவிடுங்கள், நம்ம சித்து மார்க்கு அதில்தான் இருக்கிறது என்று சொன்னேன். யாரும் மறுக்கவில்லை. பிள்ளை நல்லா வந்தால் ஊருக்குத்தானே பேர் என்றார்கள். முழங்கால் வலிக்கிறது.

செப்டம்பர் 23, திங்கள்

சத்தியின் பெட்டிகள் வந்தன. காலையிலேயே நம்பர் சொல்லிவிட்டேன். மத்தியானம் மூன்று மணிக்கு அந்தோணி முதுகில் சுமந்துகொண்டு வந்து அடுக்கினார். ஒரு பெட்டி என்னால் அசைக்க முடியாத கனம்.

செப்டம்பர் 30, திங்கள்

தொண்ணூற்றேழு! சித்து போன் பண்ணினான். “ஆச்சி, நம்ம ஊரு பச்சை ஆயிட்டு. என்ன மாயமோ தெரியல.”

“எல்லாம் உன் உழைப்புதான்யா” என்றேன்.

சத்தி என்னையே பார்த்தாள். போனை வைத்ததும், “அவங்கிட்டச் சொல்லியிருக்கலாம்லா?” என்றாள். எதை என்று கேட்டேன். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுக்கு இப்போதெல்லாம் சட்டென்று கோபம் வருகிறது. நோய் அப்படிச் செய்கிறது.

அக்டோபர் 7, திங்கள்

நூற்றுக்கு நூறு. ஒரு பார்சல்கூடத் தவறவில்லை. எங்களைப் பார்த்து அந்தோணியின் மற்ற ஊர்க்காரர்களும் நம்பரை முன்னாலேயே சொல்கிறார்களாம். தேரிக்காட்டு ஊர் அத்தனையும் பச்சை. வருகிற இருபத்தாறாம் தேதி சென்னையில் மேடை போட்டு என் பேரனுக்குக் கேடயம் கொடுக்கப்போகிறார்கள். போனில் அவன் குரலே வேறாக இருந்தது.

“இன்னொன்னு கேளுங்க ஆச்சி. நம்ம பக்கம் இவ்வளவு ஒழுங்கா நடக்கதால, ரெண்டு வண்டி எதுக்கு, ஒன்னு போதும்னு நாந்தான் எழுதிக் குடுத்தேன். ஒத்துக்கிட்டாங்க. தீபாவளி நேரம், சிவப்புல கெடக்க ஊருக்கு அந்த வண்டி போவும். இதைத்தான் மேடையிலயும் பேசப் போறேன்.”

எவ்வளவு புத்தி பாருங்கள். படம் தபாலில் வர வேண்டும் என்று இப்போதே சொல்லிவைத்தேன்.

அக்டோபர் 11, வெள்ளி

சரஸ்வதி பூசை. சுபிதாவின் பழைய புத்தகம், மதுமிதாவின் படம், இந்த டைரி மூன்றையும் வைத்துக் கும்பிட்டேன். சத்தியால் உட்கார முடியவில்லை. படுத்துக்கொண்டே கை கூப்பினாள்.

அக்டோபர் 17, வியாழன்

அந்தோணி இப்போது இரண்டு வண்டியின் பாரத்தை ஒரு வண்டியில் இழுக்கிறார். கண் சிவந்து கிடக்கிறது. “குடோன் வாசல்ல வச்சே எல்லா நம்பரையும் வாங்கி அடிச்சிருதேங்க்கா. பொறவு ரோட்டுல எங்க நேரம் இருக்கு?” என்றார். மோர் குடிக்க நிற்கவில்லை.

அக்டோபர் 22, செவ்வாய்

சத்தியின் பெட்டிகளுக்குக் காலையில் நம்பர் வந்தது. அந்தோணி கேட்டார், சொன்னேன். பழைய பெட்டியில் இன்னும் சில பைகள்தான் கிடக்கின்றன. சாயங்காலம் வாசலில் உட்கார்ந்திருந்தேன். வண்டி வரவில்லை. தீபாவளி நேரம், தாமதம் ஆகும்தான்.

அக்டோபர் 23, புதன்

அந்தோணி போன் பண்ணினார். அழுகிறாரோ என்று நினைத்தேன்.

“எக்கா, நேத்து வண்டி நிரம்பிப்போச்சு. சேலைக்கட்டும் செல்போனுமா ஏத்திட்டானுவ. உங்க பெட்டி கனமுன்னு இறக்கி மூலையில வச்சுட்டானுவ. இன்னைக்கு எடுத்துக்கலாம்னு பார்த்தா, குடோன்காரன் விடமாட்டேங்கான்.”

“ஏன் விடமாட்டேங்கான்? அது எம் மக பெட்டி.”

“கம்ப்யூட்டர்ல அது சேர்ந்துட்டுல்லாக்கா. உங்க கையில இருக்குன்னு காட்டுது. உங்க கையில இருக்க பெட்டிக்கு அவன் எப்படிக் கேட் பாஸ் சீட்டு போடுவான்? சீட்டு இல்லாம ஒரு துரும்பு வாசல் தாண்டாது. பெட்டி கண்ணு முன்னால கெடக்கு. கணக்குல இல்ல.”

எனக்குப் புரிய நேரம் ஆனது.

“மேல உள்ள ஆபீசரு ஒரு வார்த்தை சொன்னா எடுத்துரலாம். ஆனா ஏன் சேராத பெட்டி சேர்ந்துட்டுன்னு இருக்குன்னு கேப்பாவ. கேட்டா என் வேலை போயிரும். அது போவட்டும். நம்ம ஊரு நம்பர் அத்தனையையும் தோண்டுவாவ.” பிறகு, “நீங்களே பேரங்கிட்டப் பேசுங்கக்கா. நான் என்ன சொல்ல?” என்றார்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் சத்தி விழித்திருக்கிறாள். “என்னவாம்?” என்றாள். சொன்னேன். அவளிடம் ஒளிக்க எனக்குத் தெரியாது.

“சனிக்கிழமதான மேடை?” என்றாள்.

“அதுக்கு?”

“சனிக்கிழம வரைக்கும் அவங்கிட்டச் சொல்லாத. நாலு பைக்கு ரெண்டு போடு. நான் தாங்குவேன்.”

“ஏ பிள்ள, உனக்குக் கிறுக்கு பிடிச்சிருக்கா?”

“எம்மா, அவன ஏத்திவிட்டது நீ. நடுவழியில இறக்கிவிடாத. ஏறட்டும், கையில வாங்கட்டும். ஞாயித்துக்கிழம நானே சொல்லுதேன்.”

நான் திருநெல்வேலி ஆஸ்பத்திரி நர்சுக்குப் போன் பண்ணினேன். உடனே கூட்டி வாங்க, படுக்கையில் சேர்த்துக்கொள்கிறோம் என்றாள். சத்தி முடியாது என்று தலையை ஆட்டினாள். ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் செய்தி தங்கமணிக்குப் போகும், அங்கிருந்து சித்துவுக்குப் போகும், பிள்ளை மேடையை விட்டுவிட்டு ஓடி வருவான் என்றாள். அவள் சொல்வதும் நியாயமாகத்தான் இருந்தது.

அக்டோபர் 24, வியாழன்

மத்தியானம் சித்து போன் பண்ணினான். பின்னால் ஒரே சத்தம்.

“ஆச்சி, அத்தைக்குப் பெட்டி வந்துட்டுல்லா? செவ்வாக்கிழமயே சேர்ந்துட்டுன்னு காட்டுது. நேர்ல ஒரு வார்த்தை கேட்டாத்தான் எனக்கு நிம்மதி.”

சத்தி கட்டிலிலிருந்து கையை உயர்த்திக்கொண்டிருந்தாள். கை முழுக்க நீர் கோர்த்து, வளையல் சதையில் புதைந்து கிடந்தது. அந்தக் கையை அப்படியும் இப்படியும் ஆட்டினாள், வேண்டாம், வேண்டாம் என்று.

“வந்துட்டுய்யா” என்றேன்.

“அத்த நல்லா இருக்கா?”

“உறங்குதா.”

அக்டோபர் 25, வெள்ளி

இரண்டு பை. சத்தி படுக்க மாட்டேன் என்கிறாள். படுத்தால் தண்ணீரில் முங்குகிற மாதிரி இருக்கிறதாம். தலையணைகளை அடுக்கி உட்கார வைத்திருக்கிறேன். செல்லக்கனி தீபாவளிச் சட்டைகளுக்குக் காஜா எடுக்கிற சத்தம் காலையிலிருந்து கேட்கிறது. சத்தியின் முந்தானையைத் தண்ணீரில் நனைத்து நெற்றியில் போட்டேன்.

அக்டோபர் 26, சனி

கடைசிப் பையைக் காலையில் மாட்டினேன். இன்று சித்துவுக்கு மேடை. சத்தி எத்தனை மணிக்கு, எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அஞ்சு மணி என்றதும், சுவரில் உள்ள அவன் படத்துக்கு நேரே கட்டிலை நகர்த்தச் சொன்னாள். செல்லக்கனியும் நானும் நகர்த்தினோம்.

“இப்போ ஏறியிருப்பான்” என்றாள். கொஞ்சம் கழித்து, “கோட்டு போட்டிருப்பான்” என்றாள்.

அக்டோபர் 27, ஞாயிறு

அவள் சொல்கிறேன் என்றாளே, சொல்ல அவளுக்குப் பேச்சு வரவில்லை. நான் சித்துவுக்குப் போன் பண்ணினேன். போனை அணைத்து வைத்திருந்தான். நேற்று விருந்து, இன்று உறங்குவான். ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டோம். மணல் பாதையில் கொஞ்சம் மெதுவாக வருகிறது என்றார்கள்.

நவம்பர் 5, செவ்வாய்

எழுதாமல் இருக்கலாம் என்றுதான் நினைத்தேன்.

சத்தி திங்கட்கிழமை விடிந்ததும் திருநெல்வேலியில் போய்விட்டாள். நெஞ்சு முழுக்கத் தண்ணீர் என்றார்கள். நேரத்தோடு கொண்டுவந்திருக்கலாமே என்று அந்த நர்சுப் பெண் என்னிடம் கேட்டாள். என் மூத்த பேத்தியும் நர்சுதான் என்று அவளிடம் சொன்னேன். ஏன் அதைச் சொன்னேன் என்று தெரியவில்லை.

சித்து அன்று சாயங்காலமே வந்துவிட்டான். செவ்வாய்க்கிழமை எடுத்தோம். முறைப்படி வைக்க வேறு ஆட்கள் இருந்தும் அவன்தான் கொள்ளி வைத்தான். அதில் யாருக்கும் பேச்சில்லை.

புதன்கிழமை எலும்பு எடுத்துக் காடாத்து முடிந்து ஆட்கள் பந்தலில் உட்கார்ந்திருக்கும்போது ஒரு குட்டி யானை லோடு வண்டி வந்து நின்றது. கம்பெனி வண்டி இல்லை, வாடகை வண்டி. அந்தோணி இறங்கினார். பந்தலைப் பார்த்ததும் வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். மனசு கேட்காமல் ஞாயிற்றுக்கிழமை மேனேஜரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். வேலையை எடுத்துக்கொண்டு அன்று காலையில்தான் பெட்டியைக் கொடுத்திருக்கிறார்கள். அவர் பெட்டிகளை ஒவ்வொன்றாகச் சுமந்து வந்து, வழக்கமாக அடுக்குகிற இடத்தில், சத்தியின் கட்டிலுக்குப் பக்கத்தில் அடுக்கினார். கடைசிப் பெட்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நம்பர் கேட்கவில்லை.

சித்து எழுந்து வந்தான். பெட்டியில் ஒட்டியிருந்த தேதியைப் படித்தான். “இது இருபத்திரண்டாந் தேதியே சேர்ந்துட்டே?” என்றான். அந்தோணி தலையைக் குனிந்தார்.

செல்லக்கனி நல்ல மனசில்தான் சொன்னாள். அவளுக்குச் சமயம் தெரியாது. “அந்தோணிய ஒன்னும் சொல்லாதய்யா. நாங்க எல்லாரும்தான் நம்பர முந்தியே சொன்னோம். உன் மார்க்குக்காகத்தான். உங்க ஆச்சி முழங்கால் வலியோட வீடு வீடா வந்து சொன்னாவ. உனக்குக் கேடயம் கிடைச்சதுல பாதி இந்த ஊரு பொம்பளைங்க வாங்கிக் குடுத்ததுலா?”

“எல்லாருமா?”

“மேலத்தெரு, கீழத்தெரு, ஒரு வீடு பாக்கி இல்ல.”

அவன் பந்தலில் உள்ள முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். கடைசியில் என்னிடம் வந்து நின்றான். மெதுவாகத்தான் கேட்டான். திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

“ஆச்சி, பெட்டி வந்துட்டுன்னு நீங்க சொன்னிய.”

நான், “காலையில இருந்து ஒன்னும் சாப்பிடலையே, காபி போடட்டாய்யா?” என்றேன்.

அவன் சாயங்காலம் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டான். மறுநாள் தீபாவளி. ஊரில் யாரும் வெடி போடவில்லை, எங்களுக்காக.

நவம்பர் 6, புதன்

ஒரு வண்டியை எடுத்தது கம்பெனி. முட்டமுட்ட ஏற்றியது குடோன்காரன். டவர் வைக்காதது கவர்மெண்டு. இதையெல்லாம் செல்லக்கனியிடம் சொன்னேன். ஆமா மதினி, ஆமா மதினி என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் போன பிறகும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 8, வெள்ளி

சித்துவிடமிருந்து தபால் வந்தது. உடைத்தேன். மேடைப் படம். கோட்டு போட்டுக்கொண்டு, கையில் கேடயத்தை நெஞ்சோடு அணைத்துச் சிரிக்கிறான். அவனுக்குப் பின்னால் பெரிய திரையில் அந்தப் புள்ளிப் படம், தேரிக்காடு முழுக்கப் பச்சை. பின்பக்கத்தில் அவன் கையெழுத்து: “அத்தைக்கு. ஆச்சிக்கும்.” தேதி அக்டோபர் 27. செய்தி தெரியும் முன்னால் தபால் பெட்டியில் போட்டிருக்கிறான்.

நவம்பர் 12, செவ்வாய்

பதினாறாம் நாளுக்குச் சித்து வரவில்லை. நடந்ததை எல்லாம் கம்பெனியில் எழுதிக் கொடுத்துவிட்டு, கேடயத்தையும் திருப்பி வைத்துவிட்டானாம். வேலைக்கும் போவதில்லையாம். தங்கமணி சொன்னான். என் போனை அவன் எடுப்பதில்லை. சத்திக்கு மாலை போடப் படம் தேடினால், ஆஸ்பத்திரி அட்டையில் ஒட்டின படம் ஒன்றுதான் இருந்தது. இத்தனை வருஷம் இத்தனை படம் கேட்டு வாங்கினேன், அவளை ஒன்று எடுக்கச் சொல்லவில்லை.

நவம்பர் 18, திங்கள்

இதை அப்படியே நாளை இன்லாண்டு லெட்டரில் எழுதிப் போடுவேன்.

எய்யா சித்து, ஆச்சி எழுதுகிறேன். பெட்டிகளை நர்சு சொன்னபடி நாசரேத் பக்கம் உள்ள இன்னொரு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டேன். அவளுக்கும் வயிற்று வழிதான். அவள் புருஷன் கையோடு வந்து எடுத்துப்போனான். ஒவ்வொன்றாக எண்ணி, அவன் கையில் வைத்த பிறகுதான் விட்டேன். அந்தோணி தன் மச்சான் வண்டியில் உப்பு ஏற்றப் போகிறார். உன்னைக் கேட்டார்.

அன்றைக்கு நீ கேட்டதற்கு நான் காபி போடட்டா என்றேன். பெட்டி வரவில்லை. வந்துவிட்டது என்று நான்தான் சொன்னேன். அவள் கையை ஆட்டினாள், நான் சொன்னேன். நீ அவள் வளர்த்த பிள்ளை, உனக்காக அவள் ஆட்டலாம். நான் அவளைப் பெற்றவள்.

சுவரில் உன் கோட்டுப் படம் இருந்த ஆணியில் சத்தி படத்தை மாட்டியிருக்கிறேன். கேடயப் படத்தைப் பீரோவில் வைத்துவிட்டேன். அதைப் பார்க்க எனக்குத் திராணி இல்லை. நீ புதிதாக ஒரு படம் எடுத்து அனுப்பய்யா. கோட்டு வேண்டாம். கையில் ஒன்றும் வேண்டாம். சிரிக்கவும் வேண்டாம். இப்போது எப்படி இருக்கிறாயோ அப்படியே எடு. நீ இருக்கிறாய் என்று எனக்குத் தெரிந்தால் போதும்.

தபாலில் போடு. எத்தனை நாள் ஆனாலும் சரி. தபால்காரர் வாசலில் வந்து நின்று என் கையில் கொடுத்துவிட்டுத்தான் போவார். அவர் நம்பர் கேட்க மாட்டார்.